எஃப்.சி (தகுதிச் சான்றுக்கான சோதனை) அன்று மட்டும் ஒழுங்காக இருக்கும் பஸ்: யாரிடம் போய்ச் சொன்னால் நடக்கும்?

தினப்பயணி

வணக்கம். ஏழு வருடமாக எங்கள் ஊரிலிருந்து கோவைக்குத் தனியார் ரூட் பஸ்ஸில் போய் வருகிறேன், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஊர் பெயரையும் பஸ் பெயரையும் வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் அந்த டிரைவரும் கண்டக்டரும் மட்டும் மாட்டுவார்கள், அவர்களை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை.

காலை 8.05 வண்டி. ஊரில் ஏறும்போதே உட்கார இடம் இருக்காது, மூன்றாவது நிறுத்தத்தில் நிற்க இடம் இருக்காது, அதற்குப் பிறகு ஏறுகிற கல்லூரிப் பையன்கள் எல்லாம் படிக்கட்டில்தான். முன்படியில் ஆறு பேர், பின்படியில் எட்டு பேர் என்று நானே எண்ணியிருக்கிறேன். கதவு என்று ஒன்று இருக்கிறது, அதை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். பைபாஸ் ஏறியதும் செல்போனில் வேகம் பார்த்தேன், 94 காட்டியது. இந்த வண்டியில் 80-க்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கருவி இருக்கிறதா, இருந்தும் வேலை செய்யவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஏர் ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும் வரை விட்டு விட்டு அலறுகிறது.

போன மாதம் ஒரு வளைவில் ஒரு பையன் கை நழுவி விழுந்துவிட்டான். நல்ல வேளை, வண்டி அப்போதுதான் நிறுத்தத்திலிருந்து கிளம்பியிருந்தது, முழங்கையும் முட்டியும் பெயர்ந்ததோடு போயிற்று. அடுத்த நாள் காலை அதே படியில் அதே எண்ணிக்கையில் பையன்கள். இந்த ஜூனிலிருந்து என் மகளும் இதே வண்டியில்தான் கல்லூரிக்குப் போகிறாள், அதனால் முன்பு கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி இப்போது என்னால் போக முடியவில்லை.

சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அதிகாரிகள் வருவார்கள், ஹாரனைப் பிடுங்குவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். பத்து நாள் அமைதியாக இருக்கும். பதினோராம் நாள் புது ஹாரன். புகார் எழுதிக் கொடுத்தேன், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

உங்கள் ஊரில் யாராவது இதில் நிலையான மாற்றம் பார்த்திருக்கிறீர்களா? எந்த இடத்தில் தட்டினால் இது நகரும்?

பழைய கண்டக்டர்

அண்ணா, ஆறு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் நான் நின்ற பின்படிதான் கண்ணில் வந்தது, அதனால் உள்ளே நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

எங்களுக்குச் சம்பளத்தை விட வசூல் படிதான், அதாவது பேட்டாதான் முக்கியம். வசூல் இவ்வளவு வந்தால் படி இவ்வளவு. அதனால் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனால் அது என் வீட்டுக் காசு. அப்புறம் டைமிங். பர்மிட்டில் எங்கே எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கும், எங்களுக்கும் பின்னாடி வரும் வண்டிக்கும் நடுவில் நான்கைந்து நிமிடம்தான். நடுவில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அந்த நிமிடத்தை எங்கேயாவது பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன்னாடி அடுத்த வண்டிக்காரனோடு சண்டை, ஒரு நடையே கட் ஆகும். 94 என்று நீங்கள் பார்த்தீர்களே, அது அந்த நிமிடத்தைப் பிடிக்கிற வேகம். டிரைவருக்குத் திமிர் என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும், எனக்குத் தெரிந்து பல டிரைவர்கள் இரவில் வீட்டுக்குப் போனதும் கை நடுக்கம் நிற்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஹாரனும் அப்படித்தான். வீட்டுக்குள் இருக்கிற ஆள் சத்தத்தை வைத்தே "நம்ம வண்டி வந்தாச்சு" என்று ஓடி வர வேண்டும், அதற்காகத்தான் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ராகம். அதற்குக் காற்று ஏர் பிரேக்குக்குப் போகிற டேங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். பட்டறையில் கண்ட இடத்தில் டி-ஜாயின்ட் போட்டு மாட்டினால் அந்த இடத்தில் கசியும். கசிந்தால் குறைவது பிரேக் காற்று. பயணிகளுக்கு இது தெரியாது.

எஃப்.சி எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது தாண்டிய வண்டி என்றால் வருடத்துக்கு ஒருமுறை. நாலு நாள் முன்னாடி வண்டி பட்டறைக்குப் போய்விடும். பெயின்ட், சீட் ஸ்க்ரூ, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, எல்லாம் புதுசு. இன்னொரு வண்டியின் நல்ல டயரைக் கழற்றி இதில் போடுவோம். வேகக் கருவியின் ஒயரைச் சேர்ப்போம். ஏர் ஹாரன் கழற்றப்பட்டு ஒரு சாக்கில் போகும், கதவின் கயிறு அவிழும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது அந்த வண்டியைத்தான். அன்று சாயங்காலமே டயர் திரும்பிப் போகும், ஒயர் பிரியும், சாக்கு பிரியும். நானே என் கையால் கதவுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் மனது கனக்கிறது.

அபராதம் போட்டால் யார் கட்டினார்கள் தெரியுமா? முதலாளி பாதி, மீதி எங்கள் படியில் பிடித்தம். அதனால் எத்தனை அபராதம் போட்டாலும் ஹாரன் மாட்டச் சொன்ன ஆளுக்கு வலிக்காது.

மனு எழுதுபவர்

கண்டக்டர் தம்பி கடைசியில் சொன்னதுதான் விஷயம், அதைப் பிடித்துக்கொண்டே நான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, நுகர்வோர் குழுவில் பத்து வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறவன்.

நாம் எல்லோரும் புகாரில் "அபராதம் விதியுங்கள்" என்று கேட்கிறோம். அது தவறான கோரிக்கை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 84-வது பிரிவை எடுத்துப் பாருங்கள், எல்லா பர்மிட்டுக்கும் பொதுவான நிபந்தனைகள் அதில்தான் இருக்கின்றன. முதல் நிபந்தனையே, வண்டிக்குச் செல்லுபடியாகும் தகுதிச் சான்று இருக்க வேண்டும், அதோடு வண்டி எல்லா நேரமும் சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்ட நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்பது. எல்லா நேரமும். எஃப்.சி அன்று மட்டும் இல்லை. அடுத்த நிபந்தனை, அனுமதித்த வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த நிபந்தனைகளை மீறினால் பர்மிட்டை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ 86-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. பர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த நோட்டீஸ் போகும், கண்டக்டரின் படியில் பிடிக்க முடியாது.

ஆனால் இதிலும் ஒரு வாசல் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். பர்மிட்டை நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக ஒப்புக்கொண்ட ஒரு தொகையை உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதே 86-ல் உட்பிரிவு உண்டு. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டால் பஸ் ஒரு நாள் கூட நிற்காது.

ஹாரனுக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119. பல ராகத்தில் ஒலிக்கும் ஹாரன், காதைப் பிளக்கும் ஹாரன் எதுவும் கூடாது. இந்த விதியை மீறினார் என்று பொதுவான 177-வது பிரிவில் எழுதினால் முதல் முறை அதிகபட்சம் 500 ரூபாய். அதே வண்டியை 190-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் எழுதினால், சாலைப் பாதுகாப்பு, ஒலி, புகை ஆகியவற்றுக்கான தரத்தை மீறியதற்காக 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகை இது. முக்கியமாக அந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைப்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது உரிமையாளர். எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது அதைத்தான்.

படிக்கட்டுப் பயணத்துக்கு 123-வது பிரிவு. தொங்குகிறவரும் குற்றவாளி, தொங்க விட்டு ஓட்டுகிறவரும் குற்றவாளி. கூடுதல் ஆள் ஏற்றியதற்கு 194ஏ, ஆளுக்கு 200 ரூபாய், அதோடு கூடுதல் ஆட்களை இறக்கி அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யும் வரை வண்டி நகரக் கூடாது. இந்தக் கடைசி வரி நடைமுறைக்கு வந்து நான் பார்த்ததில்லை, காலை எட்டரை மணிக்கு அறுபது பேரை நடுரோட்டில் இறக்கிவிட எந்த அதிகாரிக்கும் மனசு வராது, அது எனக்குப் புரிகிறது.

தினப்பயணி அவர்களே, அடுத்த மனு புகாராக வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த ஓராண்டில் விதி 119 மீறலுக்கு எத்தனை சோதனை அறிக்கை எழுதினீர்கள், அதில் 177-ல் எத்தனை, 190(2)-ல் எத்தனை, பர்மிட் நடவடிக்கைக்கு எத்தனை பரிந்துரை போனது, அதில் எத்தனை பர்மிட் நிறுத்தி வைக்கப்பட்டது, எத்தனைக்குத் தொகை வாங்கப்பட்டது. இவ்வளவு போதும். இந்தக் கணக்கு ஒருமுறை வெளியே வந்தால் அடுத்த வருடக் கணக்கு மாறும். எங்கள் பக்கம் ஒரு வழித்தடத்தில் இப்படிக் கேட்ட பிறகு மூன்று வண்டிகளின் உரிமையாளர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. அந்த மூன்றிலும் ஏர் ஹாரன் இன்று வரை திரும்ப மாட்டப்படவில்லை. வேகம் மட்டும் குறையவில்லை, அதற்கு இன்னும் மனு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

டிரைவர் மகள்

அப்பா 27 வருடம் அரசு பஸ் ஓட்டினார். எல்லோரும் தனியார் பஸ்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள், அரசு பஸ்ஸையும் சேர்த்துப் பேசுங்கள். கதவு இல்லாத வண்டி, மழையில் ஒழுகும் வண்டி, வைப்பர் ஓடாத வண்டி எல்லாம் அப்பா ஓட்டியிருக்கிறார். டிப்போவில் குறை எழுதும் நோட்டில் எழுதி வைப்பார், மறுநாள் அதே வண்டி அதே குறையோடு வெளியே வரும், எடுக்க மாட்டேன் என்றால் மெமோ. ரோட்டில் அரசு பஸ்ஸை நிறுத்தி யாரும் சோதனை போட்டதாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

படிக்கட்டுப் பையன்களுக்காக ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டு "உள்ளே வந்தால்தான் எடுப்பேன்" என்று இறங்கி நின்றிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் பையன்களைத் திட்டவில்லை, அப்பாவைத்தான் திட்டினார்கள், வேலைக்கு நேரமாகிறது என்று. கடைசியில் பின் கண்ணாடியில் கல் விழுந்தது. கண்ணாடிக்கு அப்பா பதில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயணம் அரசு பஸ்ஸில்தான், ஆகவே தனியார் பஸ் பத்து ஓடினாலும் அந்த ஒரு அரசு பஸ்ஸைத்தான் பிள்ளைகள் பிடிக்க வேண்டும். காலை 8 மணிக்கு அந்தப் பாதையில் ஒரே ஒரு வண்டி விட்டுவிட்டுப் பையன் ஏன் தொங்குகிறான் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? தொங்குவதை வீரமாக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இடம் இருந்தும் தொங்குகிறவன் எத்தனை பேர் என்று ஒருநாள் நின்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்கூட்டர் அம்மா

நான் பஸ்ஸில் போவதில்லை, பஸ்ஸுக்கு முன்னால் போகிறேன். பின்னால் ஆறு வயதுப் பையன். அந்த ஹாரன் முதுகுக்குப் பின்னால் அடித்தால் கை தானாக ஆடும், ஹேண்டில் திரும்பிவிடும், இடது பக்கம் மண்ணில் இறங்கிவிடுவேன். வேண்டுமென்றேதான் அடிக்கிறார்கள், ஒதுங்கட்டும் என்று. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரனே அடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் தெரு மெயின் ரோட்டை ஒட்டியது, காலை 4.40-க்கு முதல் வண்டி, தினமும் பையன் அதில்தான் எழுந்துகொள்கிறான். மனுவில் கையெழுத்து வேண்டும் என்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவே போடும்.

தாம்பரம்வாசி

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது. 2012 ஜூலையில் முடிச்சூர் பக்கம் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து அதே பஸ்ஸின் சக்கரத்தில் இறந்தது. அந்த வண்டி எஃப்.சி வாங்கிய வண்டிதான். நான் அந்த ரோட்டில் தினமும் போகிறவன், இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது வண்டி தானாக மெதுவாகிறது.

உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது, அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்பு மாவட்டத்தில் உள்ள பள்ளி வாகனங்களை எல்லாம் ஒரு மைதானத்துக்கு வரச் சொல்கிறார்கள். வருவாய்த் துறை, போலீஸ், கல்வித் துறை, போக்குவரத்து அதிகாரிகள் சேர்ந்து தரைப் பலகை, படியின் உயரம், அவசர வழி எல்லாம் பார்க்கிறார்கள், குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். குறையே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு இன்ஸ்பெக்டர் தனியாகப் பார்ப்பதற்கும் நாலு துறை ஊர் முன்னால் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்து ரூட் பஸ்ஸில் ஏறினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஏன்?

கதவு பற்றி ஒன்று. 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன, தானியங்கிக் கதவு, ஏறும் இடத்தில் படியே கிடையாது. அதில் தொங்க வழி இல்லை. பையன்களை யாரும் திருத்தவில்லை, வண்டியைத்தான் மாற்றினார்கள்.

தினப்பயணி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலை, இன்றுதான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஸ்கூட்டர் அம்மாவின் பதிவைப் படித்ததும் கொஞ்சம் குற்ற உணர்வாக இருந்தது, ஏழு வருடம் அந்த ஹாரனை உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், வெளியே இருப்பவருக்கு அது என்ன என்று யோசித்ததில்லை. டிரைவர் மகள் அக்கா சொன்னபடி நேற்று நின்று எண்ணினேன். எங்கள் நிறுத்தத்தில் 7.30 முதல் 8.30 வரை ஐந்து வண்டி, படியில் நின்றவர்கள் மொத்தம் 41 பேர், உள்ளே போக இடம் இருந்தும் நின்றவர்கள் என்று பார்த்தால் நான்கைந்து பேர்தான்.

மனு எழுதுபவர் ஐயா கொடுத்த கேள்விகளை அப்படியே எழுதி வைத்துவிட்டேன், சனிக்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் அரசு பஸ் கூடுதலாக ஒரு நடை வேண்டும் என்று தனியாகப் பதிகிறேன், இரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை.

கண்டக்டர் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வைக்கத் தகவல் மனுவில் எதைக் கேட்டால் உரிமையாளர் தப்ப முடியாது?

பழைய கண்டக்டர்

அண்ணா, அந்தப் பாதையில் ஓடும் எல்லா வண்டிகளின் பர்மிட் நகலையும் டைமிங் ஷீட்டையும் கேளுங்கள். பல டைமிங் ரோட்டில் இவ்வளவு வண்டி இல்லாத காலத்தில் போட்டது, சிக்னலும் பாலம் வேலையும் வந்த பிறகும் யாரும் திருத்தவில்லை. நீங்கள் ஏறும் நிறுத்தத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், 80-க்குள் ஓட்டி, எல்லா நிறுத்தத்திலும் நின்று, அந்த நேரத்தில் போய்ச் சேர முடியாது என்றால் அதைக் கணக்குப் போட்டுக் காட்டி நேரத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். டிரைவர்களே உங்கள் பக்கம் வருவார்கள்.

அப்புறம் 2019 ஜனவரிக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம், வண்டியின் வேகம் அதில் பதியும். 8.05 வண்டியின் ஆர்.சி வருடம் என்ன என்று முதலில் பாருங்கள், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எஃப்.சி தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.சி முடிந்த மறுவாரம் கதவில் கயிறு இருக்கிறதா என்று ஒரு படம், தேதியோடு. பையன்கள் முகம் விழாமல் எடுங்கள்.